சிங்கப்பூரில் தனித்தொழிலுக்கு வரும் மிட்வைஃப்களுக்கு: உரிமம் முதல் பை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மிட்வைஃப் (மகப்பேற்றுத் தாதி) தனியாகத் தொழில் செய்யப்போகிறார் என்றால் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் அதற்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. கம்பத்து வீடுகளில் பீடான் என்ற மலாய் மருத்துவச்சி வந்து பிள்ளை எடுத்த காலம் எப்போதோ போய்விட்டது. 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில், ஒரு மகப்பேற்று மருத்துவரின் பொறுப்பில் நடக்கின்றன. அதை மாற்றும் எண்ணத்தோடு வேலையை விடுபவர் முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோவார்.

உங்களுக்கான இடம் வேறு. சுகப்பிரசவம் ஆன தாய் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார், சிசேரியன் என்றால் மூன்று நாள் அளவில். பால் கட்டுவது அதற்குப் பிறகு. குழந்தையின் மஞ்சள் காமாலை மூன்றாம் நாளிலிருந்து ஏறும். தாயின் ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின் மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்தைத் தொடும். வார்டில் நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய மூன்றும் வீட்டில், அனுபவமில்லாத கைகளில் நடக்கின்றன. மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான இந்த இடைவெளிதான் தனித்தொழிலின் முதுகெலும்பு. பிரசவத்துக்கு முந்திய வகுப்பு, தாய்ப்பால் ஆலோசனை எல்லாம் அதைச் சுற்றி வருபவை.

முதலில் காகித வேலை

சிங்கப்பூர் நர்சிங் போர்டின் இணையத்தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். நர்ஸ் பதிவேடும் மிட்வைஃப் பதிவேடும் தனித்தனி. பிரசவ வார்டில் பல வருடம் நின்றவர்களில் சிலர் நர்ஸாக மட்டுமே பதிவானவர்கள். வார்டில் அது தெரியாமலே காலம் ஓடியிருக்கும். பதிவில் இல்லாத பட்டத்தை விசிட்டிங் கார்டில் போட்டால் அது குற்றம். நடப்பிலுள்ள தொழில் சான்றிதழ் இல்லாமல் ஒரு வீட்டுக்கும் போகக் கூடாது. மருத்துவமனை இதுவரை உங்களுக்காக ஏற்பாடு செய்த தொடர்கல்விப் புள்ளிகளை இனி நீங்களே சேர்க்க வேண்டும், அவற்றுக்கான ஆதாரங்களையும் நீங்களே வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி, அதாவது பாஸ். எஸ் பாஸிலோ எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ வேலை செய்யும் நர்ஸ் தன் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வீட்டுக்குப் போய்க் காசு வாங்கினாலும் அது சட்டமீறல். தெரிந்தவர் வீடு, பண்டிகைக் கவர் என்று சாக்குச் சொல்லி ஆரம்பிப்பவர்கள் உண்டு. மாட்டினால் போவது பாஸ் மட்டுமல்ல, இங்கே தொழில் செய்யும் வாய்ப்பே போய்விடும். குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ கிடைக்கும்வரை பொறுங்கள்.

குடியுரிமை உள்ளவர்களும் வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகத் தொடங்குவதென்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்கு எழுத்துபூர்வ அனுமதி கேட்கும் விதி பெரும்பாலும் இருக்கும். அதைவிட முக்கியமானது, வார்டில் பார்த்த தாய்மார்களின் கைப்பேசி எண்களை எடுத்துக்கொண்டு வெளியே வராதீர்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது நேரடியாகச் சிக்கும். ஒரு எண்கூட வேண்டாம்.

தொழில் பதிவு எளிது. உங்கள் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் தொழில்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான அக்ராவில் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் அதன் இணையத்தளமான பிஸ்ஃபைலில் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் மூலம் நுழைந்து பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும். மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு) பாக்கி இருந்தால் பதிவு நகராது. அதை முதலில் தீருங்கள். தனியார் நிறுவனமாகப் பதிவது தொடக்கத்தில் வீண்செலவு. இருவர் சேரும்போதோ ஆள் வைக்கும்போதோ அதை யோசிக்கலாம்.

இனி சுகாதார அமைச்சு. 1980ஆம் ஆண்டின் தனியார் மருத்துவமனைகள், மருந்தகங்கள் சட்டம் போய், 2020ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டம் மூன்று கட்டமாக வந்தது. கடைசிக் கட்டம் 2023 டிசம்பர் 18. பழைய சட்டம் இடத்துக்கு உரிமம் கொடுத்தது, புதியது சேவைக்குக் கொடுக்கிறது. அதனால் ‘எனக்குக் கடையே இல்லையே, உரிமம் எதற்கு’ என்று கேட்பதில் பொருளில்லை. வீட்டுக்குப் போய் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் சேவைகளை ஒவ்வொன்றாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, காயம் பார்ப்பது, தையல் ஊக்கு எடுப்பது, பால் கொடுக்க உதவுவது. அதை அமைச்சுக்கு அனுப்பி, எதற்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் தேவைப்படும் ஒரு சேவையை உரிமம் இல்லாதவர் விளம்பரப்படுத்துவதே குற்றம் என்பதால், இந்தப் பதில் வரும்வரை இன்ஸ்டகிராம் பக்கம் திறக்காதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையைக் கிளினிக்காக மாற்றும் ஆசையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டுத்தொழில் திட்டத்தில் தையலும் கேக்கும் டியூஷனும் வரும், மருத்துவக் கிளினிக் வராது. நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். வகுப்பு எடுக்க இடம் வேண்டுமென்றால் மணிக்கணக்கில் அறை வாடகைக்குக் கிடைக்கும்.

செய்யாதவற்றின் பட்டியல்

செய்வதைவிடச் செய்யாததை முதலில் எழுதிவைப்பவர்களுக்குத்தான் தொழில் நிலைக்கிறது. மருந்து எழுதித் தருவதில்லை. 2018இல் இங்கே தொடங்கிய கூட்டு மருந்துப் பரிந்துரை உரிமை, தகுதி பெற்ற உயர்நிலைத் தாதியருக்கும் மருந்தாளருக்கும் உரியது. மிட்வைஃபுக்கு அது தானாக வராது. காமாலைக்கு ‘பரவாயில்லை’ என்று வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஊசி போடுவதில்லை. பிரசவ வலி வந்த தாயின் வீட்டில் இருந்து ‘இன்னும் நேரமிருக்கிறது’ என்று கணிப்பதில்லை. இந்தப் பட்டியலைச் சேவை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே போட்டு, தாயிடம் கையெழுத்து வாங்குங்கள்.

தாய்ப்பால் ஆலோசனையைத் தனிச் சேவையாக விற்க நினைத்தால் ஐபிசிஎல்சி என்ற சர்வதேசத் தாய்ப்பால் ஆலோசகர் சான்றிதழ் பெறுவது நல்லது. சுகாதாரத் துறையில் ஏற்கனவே பதிவு பெற்றவர்களுக்கான வழியில், தாய்ப்பால் பற்றிய 95 மணி நேரக் கல்வியும் (அதில் 5 மணி தொடர்புத் திறன்), தேர்வுக்கு முந்திய ஐந்தாண்டுகளுக்குள் 1,000 மணி நேரத் தாய்ப்பால் உதவி அனுபவமும் கேட்பார்கள். இந்த மணி நேரத்தை வார்டில் இருக்கும்போதே எண்ணத் தொடங்குங்கள், வெளியே வந்தபின் சேர்ப்பது கடினம். சான்றிதழை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

காப்புறுதி இல்லாமல் ஒரு வீட்டுக்கும் போகாதீர்கள். மருத்துவமனையின் காப்புறுதி மருத்துவமனை வேலைக்கு மட்டுமே. தனியாக எடுக்கும்போது தரகரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மிட்வைஃப் வேலை என்று பாலிசியில் தெளிவாக எழுதியிருக்கிறதா, அல்லது பொதுத் தாதிமை என்று மட்டும் இருக்கிறதா? புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு நேரும் பாதிப்பு அடங்குமா, விலக்கப்பட்டிருக்கிறதா? சம்பவம் நடந்த ஆண்டின் பாலிசி காக்குமா, கோரிக்கை வரும் ஆண்டில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் காக்குமா? இரண்டாவது வகை மலிவாகத் தெரியும். குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கு பல வருடம் கழித்தும் வரக்கூடும், அப்போது பாலிசி முடிந்துபோயிருந்தால் நீங்கள் தனியே நிற்பீர்கள்.

கட்டணம் போடும் கணக்கு

பெரும்பாலோர் விழும் பள்ளம் இது. ஒரு வருகை 90 நிமிடம் என்று வைத்து, வார்டில் வாங்கிய மணிக்கூலியோடு ஒப்பிட்டு விலை போடுகிறார்கள். உண்மையான கணக்கு: வீட்டில் 90 நிமிடம், போகவர 80 நிமிடம், குறிப்பு எழுதவும் பின்னர் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்லவும் 40 நிமிடம். மொத்தம் 210 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரம். நாளுக்கு இரண்டு வீடுதான். வாரத்துக்கு ஐந்து நாள், விடுமுறையும் சளிக்காய்ச்சலும் காலியான வாரங்களும் போக ஆண்டுக்கு 44 வாரம் என்றால் 440 வருகை. உதாரணத்துக்கு ஒரு வருகை 150 வெள்ளி என்று வைத்தால் 66,000 வெள்ளி. அதிலிருந்து காப்புறுதி, போக்குவரத்து, கையுறை, கருவிகள், மெடிசேவ் எல்லாம் கழியும். இதை உங்கள் அடிப்படைச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். முதலாளி போட்ட 17 விழுக்காடு மத்திய சேமநிதி (55 வயது வரை), போனஸ், சம்பளத்தோடு கூடிய விடுப்பு எல்லாம் சேர்த்து ஒப்பிடுங்கள். பிறகு விலையைத் தீர்மானியுங்கள்.

அதனால் வட்டாரத்தைச் சுருக்குவது விலையை ஏற்றுவதற்குச் சமம். தெம்பனிசில் காலை, ஜூரோங்கில் மாலை என்று ஓடினால் கணக்கு உதைக்கும். கிழக்கே மட்டும், அல்லது வடக்கே மட்டும் என்று ஒரு வருடம் இருந்து பாருங்கள்.

ஒற்றை வருகையைவிட மூன்று வருகைத் தொகுப்பு நல்லது: வீடு திரும்பிய மறுநாள், ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள், பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள். பிரசவ நாள் சொன்னபடி வராது என்பதால் மாதத்துக்கு எத்தனை தொகுப்பு எடுப்பீர்கள் என்று வரம்பு வையுங்கள். ஒரே வாரத்தில் ஐந்து பேருக்குப் பிள்ளை பிறந்தால் சமாளிக்க முடியாது. குழந்தை தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தங்கிவிட்டால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். தாய்க்கு அப்போதும் உங்கள் தேவை இருக்கும், பால் எடுத்து அனுப்ப வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். வருகையை ரத்து செய்யாமல் தாய்க்கென்று மாற்றுங்கள்.

பணம் கொடுக்கும்போது, குழந்தை மேம்பாட்டுக் கணக்கிலிருந்து கட்டலாமா என்று பல குடும்பங்கள் கேட்கும். அது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில்தான் செல்லும். மெடிசேவும் அப்படியே. தனிநபரான உங்களுக்குப் பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்றுதான், ரசீது கொடுங்கள்.

வரிக்கு: நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்டாயம். 18,000 வெள்ளிக்கு மேல் போனால் வயதுக்கேற்ப 8 முதல் 10.5 விழுக்காடு. மின்வரித் தாக்கல் ஏப்ரல் 18க்குள். ரசீதுகளை ஐந்தாண்டு வையுங்கள். பொருள் சேவை வரிப் பதிவு ஆண்டு வரவு 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான் கட்டாயம். அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

பையில் என்ன

எடை இயந்திரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பொதுவான எடை பார்க்க 10 கிராம் துல்லியம் போதும். ஆனால் பால் குடிக்குமுன்னும் பின்னும் நிறுத்து எவ்வளவு குடித்தது என்று பார்க்க 2 கிராம் துல்லியம் வேண்டும், அதே உடுப்பு, அதே டயப்பர். 10 கிராம் இயந்திரத்தை வைத்து ‘20 மில்லி குடித்திருக்கிறது’ என்று சொல்வது ஊகம். மாதம் ஒருமுறை தரமான எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்து, தேதியோடு எழுதுங்கள். மெத்தை மேலோ கம்பளத்தின் மேலோ வைத்து நிறுக்காதீர்கள், தரையோடு ஒட்டிய மொசைக் தளம்தான் சரி.

ரத்த அழுத்தக் கருவிக்குப் பெரிய கைப்பட்டை ஒன்று கூடவே இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். கருவி, கர்ப்பகால ரத்த அழுத்தப் பிரச்சினைக்குச் சோதித்துத் தேறியதா என்று பெட்டியில் பாருங்கள். சாதாரணத் தானியங்கிக் கருவிகள் சில அந்த நிலையில் குறைத்துக் காட்டும்.

மற்றவை: அக்குள் வெப்பமானி, குழந்தை முனையோடு ஆக்ஸிஜன் அளவி, பென் டார்ச், ஸ்டெதஸ்கோப், சீம்பால் எடுக்க 1 மில்லி சிரிஞ்சுகள், தையல் ஊக்கு எடுக்கும் கிருமிநீக்கிய கருவி, கூர்பொருள் டப்பா. கூர்பொருள் கழிவு எதுவும் வீட்டுக் குப்பைக் குழாயில் போகக் கூடாது, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில், வரிசையாக

கை கழுவி, தாயை முதலில் பாருங்கள். குடும்பம் குழந்தையைத்தான் நீட்டும். ‘தூக்கமில்லை, அதான் தலைவலி’ என்று தாய் சொல்வது மூன்றாம் நாளில் சாதாரணமாகக் கேட்கும் வார்த்தை, அதே நாளில்தான் ரத்த அழுத்தமும் உச்சத்துக்குப் போகிறது. தலைவலியைக் கேட்ட மாத்திரத்தில் பட்டையைக் கட்டுங்கள். 140/90க்கு மேல் என்றால் அன்றே மருத்துவர். 160/110 தொட்டால், அல்லது கண் மங்கல், மேல் வயிற்று வலி சேர்ந்தால் ஆம்புலன்சுக்கு 995. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலும் அப்படியே. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே அனுப்புங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பிறகு குழந்தை. எடை இழப்பைக் கணக்கிடுவதில் ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கிறது. பிறந்தபோது மருத்துவமனையில் 3.10 கிலோ, நான்காம் நாள் வீட்டில் 2.82 கிலோ. 280 கிராம் இழப்பு, 9 விழுக்காடு. பயந்துபோய் உடனே பால்மாவு தொடங்கச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு இயந்திரம். பிரசவத்தின்போது தாய்க்கு நிறைய குளுக்கோஸ் தண்ணீர் ஏறியிருந்தால் பிறந்த எடையே கூடுதலாகக் காட்டியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்காமல் ஈர டயப்பரையும் எண்ணுங்கள்: முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையக் கூடாது. மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். எடை குறைந்து, டயப்பரும் குறைந்து, குழந்தை பாலுக்கே எழாமல் தூங்கினால் அது உண்மையான ஆபத்து. இழப்பு 10 விழுக்காட்டைத் தாண்டினால் காரணம் எதுவானாலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

காமாலையை வரவேற்பறையின் மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள். திரையை விலக்கி ஜன்னலருகே, அல்லது தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, மூக்கு நுனியையும் நெஞ்சையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் அதுகூட ஏமாற்றும். ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் பலதுறை மருந்தகத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், கண்ணளவு போதாது. காலை வெயிலில் காட்டச் சொல்வது சிகிச்சை ஆகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்த மஞ்சள் எப்போதும் அவசரம்.

இங்கே ஒரு கேள்வியை மறக்கக் கூடாது: ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியான ஜி6பிடியின் சோதனை முடிவு என்ன? சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தச் சோதனை 1965 முதல் நடக்கிறது. குறைபாடு உள்ள குழந்தைக்கு, பீரோவில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்த மூத்த பிள்ளையின் சட்டையைப் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் உடைந்து காமாலை திடீரென்று ஏறும். வெயிலில் காயவைத்தாலும் போதாது. அந்தத் துணிகளை ஒதுக்கச் சொல்லுங்கள், உருண்டைகளை வீட்டை விட்டே வெளியேற்றச் சொல்லுங்கள்.

தமிழ் வீடுகளில்

ஊரிலிருந்து அம்மா வரமுடியாத இளம் தாய்மார்களுக்குத் தமிழில் பேசும் மிட்வைஃப் பெரிய ஆறுதல். அம்மாவோ மாமியாரோ வந்திருக்கும் வீட்டில் உங்கள் வேலையின் பாதி அவரோடுதான். முதலில் அவரிடம் பேசுங்கள். “அம்மா, நீங்க என்னென்ன குடுக்கிறீங்க, சொல்லுங்க” என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். எல்லாவற்றையும் மறுத்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். எதை விடலாம், எதில் இடம் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்குள் தெளிவு இருக்க வேண்டும்.

பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பத்திய ரசம் எல்லாம் நன்றாகவே இருக்கட்டும். தண்ணீரைக் குறைப்பது ஆகாது. தையல் போட்ட உடம்பில் மலச்சிக்கல் வந்தால் அவதி. வயிற்றுக் கட்டு தளர்வாக இருந்தால் போகட்டும், சிசேரியன் காயத்தின் மேல் இறுக்கினால் அவிழ்க்கச் சொல்லுங்கள். சேனை வைப்பதில் தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை தேனால் பொட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய் வரக்கூடும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம், கையில் கட்டிக்கொள்ளட்டும். தேக்காவில் வாங்கிய பிரசவ லேகியம் என்றால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள், லேபிள் இல்லாத பொடி என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். சாம்பிராணிப் புகையை மூடிய அறையில் குழந்தை முகத்துக்கு நேரே பிடிப்பது மட்டும் கூடாது என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

மனநிலையைக் கேட்பதற்கு எல்லோரும் சூழ்ந்திருக்கும் நேரம் சரிவராது. பால் கொடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வை அறியும் எடின்பரோ கேள்வித்தாளைக் கொடுங்கள். பத்துக் கேள்வி, 30 புள்ளி. 13 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் அன்றே பேச வேண்டும், தனியே விட்டு வரக் கூடாது. தேசிய மனநல உதவி எண் 1771ஐ அங்கேயே அவர் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.

எழுதுவதும் அனுப்புவதும்

வீட்டை விட்டு இறங்குமுன் குறிப்பை முடியுங்கள், இரவுக்குத் தள்ளினால் எண்கள் கலந்துபோகும். அனுப்பும் கடிதம் நான்கு பகுதி: இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, நீங்கள் வேண்டுவது. ‘தயவுசெய்து பார்க்கவும்’ என்று எழுதினால் வரிசையில் உட்காரவைப்பார்கள். ‘நான்காம் நாள், எடை இழப்பு 11 விழுக்காடு, 24 மணி நேரத்தில் இரண்டு ஈர டயப்பர், இன்றே பிலிருபின் (காமாலை அளவு) பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் உள்ளே கூப்பிடுவார்கள்.

தாய்மார்களின் விவரம் உங்கள் சொந்தக் கைப்பேசியின் புகைப்படத் தொகுப்பில் கிடக்கக் கூடாது. மார்பின் படம், காயத்தின் படம் எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத் தவறிப்போன கதைகள் உண்டு. வேலைக்கென்று தனி எண், பூட்டிய தனிக் கோப்பு வையுங்கள். அடையாள அட்டை எண் கேட்காதீர்கள், 2019 செப்டம்பர் 1 முதல் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, பெயரும் பிறந்த தேதியும் போதும். நீங்கள் ஒருவரே ஆனாலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி நீங்கள்தான். அறிவிக்க வேண்டிய அளவுக்குத் தரவு கசிந்தது என்று தெரிந்தால் மூன்று நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும்.

செய்திக்குப் பதில் சொல்லும் நேரத்தை ஒப்பந்தத்தில் போடுங்கள்: காலை 9 முதல் இரவு 8, அதற்கு வெளியே அவசரமென்றால் 995 அல்லது பிரசவம் பார்த்த மருத்துவமனை. தானியங்கிப் பதிலிலும் அதே வரியை வையுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டால், நீங்கள் எப்போதும் விழித்திருப்பீர்கள் என்று அந்தத் தாய் நம்பிவிடுவார். ஒருநாள் நீங்கள் உண்மையிலேயே தூங்கிப்போன இரவில், ரத்தம் போகிறது என்ற செய்தி படிக்கப்படாமல் கிடக்கும்.

உங்களுக்கே காய்ச்சல் வந்தால் யார் போவார் என்பதை முதல் தொகுப்பை விற்குமுன் முடிவு செய்யுங்கள். பதிவும் காப்புறுதியும் உள்ள இன்னொரு மிட்வைஃபோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு, வேறொருவர் வரக்கூடும் என்று தாயின் சம்மதம், கட்டணம் யாருக்கு என்ற தெளிவு. இந்த மூன்றும் இருந்தால் போதும். தொழிலை நிறுத்தும் நாள் வந்தாலும் குழந்தைகளின் பதிவேடுகளைக் கிழித்துப் போடாதீர்கள். காப்புறுதி நிறுவனத்திடம், நிறுத்தியபின்னும் தொடரும் பாதுகாப்பை எத்தனை ஆண்டுக்கு வாங்க வேண்டும், பதிவேடுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டுவிட்டு அதன்பின் அக்ரா பதிவை ரத்து செய்யுங்கள்.